ஒல்லாந்தருக்கு இப்போது உலகத்தில் என்ன தேவை? வியாபாரமா, சட்டமா, பாதுகாப்பா?

உவர்மலை_ஆசிரியர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் உயர்தர வகுப்புக்கு அரசியல் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். சிறிய நாடுகளின் வெளிநாட்டுக் கொள்கை என்று வந்தால் வழக்கமாகச் சிங்கப்பூர், சுவிற்சர்லாந்து என்று இரண்டு உதாரணம் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். இந்த முறை ஒல்லாந்தரின் நாடான நெதர்லாந்தை எடுத்தேன். ஏன் என்று நம் திருகோணமலை ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை, கோணேசர் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அவர்கள் திருத்திக் கட்டிய கோட்டைக்குள்ளால்தானே போய் வருகிறோம்.

வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "சேர், அந்தக் காலத்தில் ஒல்லாந்தர் கறுவாவுக்காக வந்தார்கள். இப்போது அவர்களுக்கு உலகத்தில் என்ன தேவை?" நல்ல கேள்வி. புத்தகத்தில் இருக்கிற பதிலைச் சொன்னேன்: நாட்டின் பாதுகாப்பு, திறந்த வர்த்தகம், சர்வதேச சட்ட ஒழுங்கு, மனித உரிமை, ஐரோப்பிய ஒத்துழைப்பு. அவள் விடவில்லை. இதில் எது முதல், ஒன்றோடு ஒன்று முட்டினால் எதைக் கைவிடுவார்கள் என்று திருப்பிக் கேட்டாள். அதற்கு உருப்படியான பதில் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

நாட்டின் பரப்பு ஏறக்குறைய 41,500 சதுர கிலோமீற்றர், இலங்கையின் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. சனத்தொகை 1.8 கோடி, அதுவும் நம்மை விடக் குறைவு. ஆனால் தேசிய வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஏற்றுமதியால் வருகிறது. இப்படி வெளியுலகத்தை நம்பி வாழ்கிற ஒரு நாடு என்னத்தைக் குறிவைத்து வெளிநாட்டுக் கொள்கையை நடத்துகிறது? கப்பலில் போனவர்கள், அங்கே வாழ்கிறவர்கள், வரலாறு தெரிந்தவர்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். சொல்லுங்கள்.


ஆழ்கடல்:

தம்பி, நான் சரக்குக் கப்பலில் வேலை செய்தவன், ரொட்டர்டாமுக்குப் பல தடவை போயிருக்கிறேன். படித்தவர்கள் கொள்கையைப் பற்றிச் சொல்வார்கள், நான் துறைமுகத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அந்த நாட்டின் கொள்கை எனக்கு விளங்கியதே அந்தத் துறைமுகத்தைப் பார்த்த பிறகுதான்.

நம் ஊர் ஆட்கள் திருமலைத் துறைமுகத்தின் ஆழத்தைப் பற்றி எவ்வளவு பெருமைப்படுகிறோம். ரொட்டர்டாமுக்கு அப்படி இயற்கை கொடுத்த ஆழம் ஒன்றும் இல்லை. ஆற்று முகத்துவாரத்தில் மணல் நிறைந்து பெரிய கப்பல் வர முடியாமல் போனபோது கடலுக்கு நேராக ஒரு கால்வாய் வெட்டினார்கள், 1872 இல் முதல் கப்பல் அதற்குள்ளால் வந்தது. இடம் போதாமல் போனதும் கடலையே மணல் போட்டு நிரப்பி நிலமாக்கினார்கள், அதில் இரண்டாம் கட்டம் 2013 இல் திறந்தது. இப்போது ஆண்டுக்கு ஏறக்குறைய 43 கோடித் தொன் சரக்கு கையாளுகிறது, ஐரோப்பாவில் அதுதான் மிகப் பெரியது. கொள்கலன் இறக்குகிற இடத்தில் சாரதி இல்லாத வண்டிகள் தாமாகவே ஓடித் திரியும், 1990களிலேயே அதைத் தொடங்கிவிட்டார்கள்.

ஆனால் நான் கப்பல் மேல்தட்டில் நின்று அதிகம் பார்த்துக்கொண்டு இருந்தது அந்தப் பெரிய இயந்திரங்களை அல்ல, ரைன் ஆற்றுச் சரக்குப் படகுகளைத்தான். நீளமான தட்டைப் படகு, தண்ணீர் விளிம்பு வரைக்கும் பாரம் ஏற்றியிருப்பார்கள். பின்பக்கத்தில் சின்ன வீடு, யன்னலுக்குப் பூப்போட்ட திரை, கூரையில் சொந்தக் காரைத் தூக்கி நிறுத்தியிருப்பார்கள். புருஷனும் பெண்சாதியும் அதிலேயே குடியிருந்து நிலக்கரி, இரும்புத்தாது, கொள்கலன் எல்லாவற்றையும் ஜேர்மனிக்கும் சுவிற்சர்லாந்தின் பாசல் வரைக்கும் கொண்டுபோவார்கள். ரொட்டர்டாமை ரொட்டர்டாமாக்கியது அந்த ஆறும் அதன் மேலே இருக்கிற ஜேர்மன் தொழிற்சாலைகளும்தான், ஆழம் இல்லை. நமக்கு ஆழம் இருக்கிறது, பின்னால் அப்படி ஒரு ஆறோ தொழிற்சாலை நிலமோ இல்லை. இது என்னைக் கனகாலமாக வருத்துகிற விஷயம், அதை வேறு நாள் கதைக்கலாம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த ஆறு பல நாடுகளுக்குள்ளால் ஓடுகிறது. மேலே இருக்கிற ஒரு நாடு மறித்து வரி கேட்டால் கீழே இருக்கிற ஒல்லாந்து செத்தது. அதனால்தான் ரைன் போக்குவரத்துக்கான ஆணைக்குழுவை 1815 ஆம் ஆண்டு வியன்னா மாநாட்டிலேயே உருவாக்கினார்கள், உலகத்தில் இன்றைக்கும் இயங்குகிற சர்வதேச அமைப்புகளில் அதுதான் மிகப் பழையது என்பார்கள். 1868 இல் மன்ஹைமில் கையெழுத்தான உடன்படிக்கைப்படி ஆற்றில் எல்லாரும் சுதந்திரமாகப் போகலாம், கடவை வரி இல்லை. இப்போது சொல்லுங்கள், இது சட்டமா வியாபாரமா? உங்கள் மாணவி இரண்டையும் இரண்டு பெட்டிக்குள் போட்டுப் பார்க்கிறாள். அந்தப் படகுக்காரனிடம் கேட்டால் சட்டம் இல்லாவிட்டால் நாளைக்குத் தனக்குச் சோறு இல்லை என்பான்.


திருமலை_வரலாறு:

ஆழ்கடல் சொன்னது அழகாக இருக்கிறது. ஆனால் நான் அவ்வளவு இலகுவாக ஒத்துக்கொள்ள மாட்டேன். ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1603 இல் சிங்கப்பூர் நீரிணைக்குப் பக்கத்தில் ஒல்லாந்தக் கப்பல்கள் சாந்தா கத்தரீனா என்ற போர்த்துக்கேயக் கப்பலைப் பிடித்துச் சரக்கெல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார்கள். அது கொள்ளை இல்லை, நியாயம் என்று வாதாட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி ஓர் இளம் சட்டத்தரணியைப் பிடித்தது. அவர்தான் ஹ்யூகோ குரோட்டியஸ். அந்த வாதத்தின் ஒரு பகுதிதான் 1609 இல் 'சுதந்திரக் கடல்' என்ற பொருளில் லத்தீனில் நூலாக வந்தது: கடல் யாருக்கும் சொந்தமில்லை, எந்த நாடும் எந்த நாட்டோடும் வியாபாரம் செய்யலாம், போர்த்துக்கல் அதைத் தடுக்க முடியாது. இன்றைய சர்வதேசக் கடற் சட்டத்துக்கு அதுதான் வேர் என்று எல்லாரும் படிப்பிக்கிறோம்.

அதே ஆட்கள் நம் கரையில் செய்தது என்ன? 1638 இல் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனோடு உடன்படிக்கை செய்து, அடுத்த வருடம் திருகோணமலைக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடம் இருந்து பிடித்தார்கள். பிறகு 1665 தொடக்கம் திருமலை, கொட்டியாரம், மட்டக்களப்பு என்று கிழக்குத் துறைமுகங்களில் எல்லாம் காவல் போட்டு கண்டிக்காரன் வெளியாட்களோடு வியாபாரம் செய்கிற வழிகளை மூடினார்கள். தங்கள் கையில் பலம் இல்லாத இடத்தில் கடல் எல்லாருக்கும் பொது, பலம் இருந்த இடத்தில் கறுவா அவர்களுக்கு மட்டும். 1765 இல் கண்டிக்குள் படையோடு புகுந்து அரண்மனையைக் கொள்ளையடித்தார்கள். அடுத்த வருட உடன்படிக்கையில் கரையோரம் முழுவதையும் எழுதி வாங்கினார்கள், அதோடு கண்டி இராச்சியத்துக்குக் கடல் என்பதே இல்லாமல் போனது. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் ஒல்லாந்தரின் சட்டப் பற்றைச் சொல்வது அரைப் பாடம்.

பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். 1945 இல் இந்தோனேசியா சுதந்திரம் அறிவித்த பிறகு, 1947 இலும் 1948 கடைசியிலும் இரண்டு தடவை படையெடுத்தார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் பொலிஸ் நடவடிக்கை. போருக்குப் பிறகு ஐரோப்பாவைக் கட்டியெழுப்ப அமெரிக்கா கொடுத்த மார்ஷல் திட்ட உதவிக்குப் பாதகம் வரும் என்று அமெரிக்கா நெருக்கிய பிறகுதான் இறங்கி வந்து 1949 டிசம்பரில் ஆட்சியைக் கையளித்தார்கள். அந்த யுத்தத்தில் தங்கள் படை திட்டமிட்ட கொடுமைகள் செய்தது என்று ஏற்று ஒரு பிரதமர் மன்னிப்புக் கேட்க 2022 வரை ஆனது.

என் கணிப்பு இதுதான்: முதலில் வியாபாரம், இரண்டாவதும் வியாபாரம். சிறிய நாடாகிப் போன பிறகு சட்டம் அவர்களுக்குத் தேவைப்பட்டது.


உட்ரெக்ட்_திருமலையாள்:

ஐயா, நீங்கள் என் அக்காவுக்குப் படிப்பித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அந்த மரியாதையோடு எழுதுகிறேன். நான் பிறந்து வளர்ந்தது திருமலை, இப்போது குடும்பத்தோடு உட்ரெக்டில் இருக்கிறேன், என் பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடம் போகிறார்கள். நீங்கள் சொன்ன வரலாறு அத்தனையும் சரி. அந்தக் கடைசி வரியோடு மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை.

இந்த நாட்டின் கொள்கையை மாற்றியது 1940 மே மாதம். அதற்கு முன் ஒரு நூற்றாண்டாக நடுநிலைதான் இவர்களின் கொள்கை. எல்லாரோடும் வியாபாரம் செய்வோம், யாரோடும் சண்டைக்குப் போகமாட்டோம் என்று இருந்தார்கள். முதலாம் உலகப் போரில் அது காப்பாற்றியது. 1940 மே 10 அன்று ஜேர்மன் படை உள்ளே வந்தது, 14 ஆம் திகதி ரொட்டர்டாமின் நடுப்பகுதியைக் குண்டு போட்டு எரித்தார்கள், அடுத்த நாள் சரணடைவுக் கையெழுத்து. நடுநிலை என்று அறிவித்தால் பெரியவன் விட்டுவிடுவான் என்ற நம்பிக்கை அந்த ஐந்து நாளில் முடிந்தது. அதற்குப் பிறகுதான் பெல்ஜியம், லக்சம்பேர்க்கோடு சுங்க ஒன்றியம் (போர் முடிவதற்கு முன்பே, 1944 இல் லண்டனில் இருந்துகொண்டே கையெழுத்து வைத்தார்கள்), 1949 இல் நேட்டோ இராணுவக் கூட்டணி, 1957 இல் இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அடிபோட்ட ரோம் உடன்படிக்கை. எல்லாவற்றிலும் ஆரம்ப உறுப்பினர். இன்றைக்கு வரை நேட்டோ செயலாளர் நாயகம் பதவிக்கு நான்கு ஒல்லாந்தர் வந்திருக்கிறார்கள், 2024 ஒக்டோபரில் வந்த மார்க் ருத்தே நான்காவது. வேறு எந்த நாட்டுக்கும் அந்தக் கணக்கு இல்லை. வெறும் வியாபார நாடு இதற்கு இவ்வளவு பாடுபடத் தேவையில்லை.

அவர்களின் கணக்கில் அமெரிக்கா தூரத்தில் இருக்கிற பெரியவன், ஜேர்மனியும் பிரான்சும் பக்கத்தில் இருக்கிற பெரியவர்கள். பக்கத்தில் இருக்கிறவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து எல்லாவற்றையும் தீர்மானிக்காமல் இருக்க, தூரத்தில் இருக்கிறவனையும் பிரித்தானியாவையும் எப்போதும் மேசைக்குக் கொண்டுவரப் பார்த்தார்கள். 1962 இல் பிரான்ஸ் ஜனாதிபதி டி கோல் ஒரு அரசியல் ஒன்றியத் திட்டத்தை முன்வைத்தபோது வெளிவிவகார அமைச்சர் யோசப் லூன்ஸ் மறித்து நின்றது அதற்காகத்தான். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போனது இவர்களுக்கு எவ்வளவு பெரிய அடி என்று இங்கே இருந்தால் தெரியும். 2018 இலேயே அயர்லாந்து, டென்மார்க், சுவீடன், பின்லாந்து, பால்டிக் நாடுகள் மூன்று என்று தங்களோடு எட்டுப் பேராக, பழைய வணிக நகரக் கூட்டின் பெயரில் ஒரு புதிய ஹன்சா அணியைச் சேர்த்துக்கொண்டார்கள்.

சட்டத்துக்கு வருகிறேன். அரசியலமைப்பின் 90 ஆவது உறுப்புரையில் சர்வதேச சட்ட ஒழுங்கை வளர்ப்பது அரசாங்கத்தின் கடமை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். உள்நாட்டுச் சட்டம் சர்வதேச உடன்படிக்கையோடு முரண்பட்டால் உடன்படிக்கைதான் செல்லும், அது 94. ஹேக்கில் சமாதான மாளிகை 1913 இல் திறந்தது, சர்வதேச நீதிமன்றம் அதற்குள்தான் இருக்கிறது. சர்வதேச குற்றவியல் நீதிமன்றமும் அதே ஊரில்தான்.

இதெல்லாம் கட்டடம், காகிதம் என்று ஐயா சொல்லலாம். அதனால் இரண்டு சம்பவம் சொல்கிறேன்.

2014 ஜூலை 17, அம்ஸ்டர்டாமில் இருந்து கோலாலம்பூர் போன எம்.எச். 17 விமானத்தை உக்ரேனுக்கு மேல் சுட்டு விழுத்தினார்கள். 298 பேர் இறந்தார்கள், 196 பேர் இந்த நாட்டவர்கள். உடல்கள் ஐந்தோவன் விமான நிலையத்துக்கு வந்த நாள் தேசிய துக்க தினம். பெட்டிகளை ஏற்றிய கறுப்பு வாகனங்கள் நெடுஞ்சாலையில் வரிசையாக வரும்போது மேம்பாலங்களில் எல்லாம் சனம் நின்று பூ எறிந்தது, மற்ற வாகனங்கள் தெருவோரமாக நிறுத்தப்பட்டன. எல்லாருக்கும் தெரியும், ரஷ்யாவின் எரிவாயுவும் வியாபாரமும் அப்போது இவர்களுக்குத் தேவைப்பட்டன. அப்படி இருந்தும் வழக்கை விடவில்லை. 2022 நவம்பரில் ஒல்லாந்த நீதிமன்றம் மூன்று பேருக்கு அவர்கள் இல்லாமலே ஆயுள் தண்டனை விதித்தது. ரஷ்ய அரசுக்கு எதிராகவே ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள், 2025 ஜூலையில் ரஷ்யாதான் பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. பதினொரு வருடம். அந்தத் தீர்ப்பால் ஒரு சதம் வியாபாரம் கூடவில்லை.

மற்றது பொஸ்னியாவில் இருக்கிற செரபிரெனிட்சா. 1995 ஜூலையில் ஐ.நா. பாதுகாப்பு வலயத்தில் நின்றது ஒல்லாந்தப் படை. எட்டாயிரம் வரையான முஸ்லிம் ஆண்களையும் பையன்களையும் பொஸ்னிய சேர்பியப் படை கொன்றது, இவர்களால் தடுக்க முடியவில்லை, தங்கள் முகாமுக்குள் இருந்தவர்களையும் வெளியே அனுப்பினார்கள். 2002 இல் ஆராய்ச்சி அறிக்கை வந்ததும் பிரதமர் விம் கொக்கின் அரசாங்கம் முழுவதாக இராஜினாமாச் செய்தது. 2019 இல் இந்த நாட்டின் உச்ச நீதிமன்றமே, முகாமில் இருந்து அனுப்பப்பட்ட 350 பேர் விடயத்தில் அரசுக்குப் பத்து வீதப் பொறுப்பு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. பத்து வீதம் என்பது தாய்மாருக்கு ஆறுதலே இல்லை, அவர்கள் அப்படித்தான் சொன்னார்கள், எனக்கும் அதே கோபம்தான். ஆனாலும் இந்த நாட்டு அரசின் மேல் இந்த நாட்டு நீதிமன்றத்திலேயே அந்தத் தாய்மார் வழக்குப் போட முடிந்தது, அரசு அதற்குக் கட்டுப்பட்டது.

2006 ஜனவரி 2 ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்களைப் பறிகொடுத்த ஊர் நம்முடையது. 2019 இல் அந்த வழக்கில் சந்தேக நபர்கள் அத்தனை பேரும் விடுவிக்கப்பட்டார்கள். சட்டம் வியாபாரத்துக்கு வேலைக்காரன் என்று ஐயா எழுதும்போது எனக்கு அதை அப்படியே கடந்துபோக முடியவில்லை.


கொட்பே_மீன்:

நான் அரசியல் படித்தவன் இல்லை. சூரை மீன் வாங்கி ஏற்றுமதிக் கம்பனிகளுக்குக் கொடுக்கிற ஆள். ஆனால் இந்தக் கொள்கை என்று நீங்கள் எழுதுகிறதெல்லாம் கடைசியில் எங்கள் பெட்டியில்தான் வந்து விழுகிறது, அதனால் எழுதுகிறேன்.

நெதர்லாந்து தனியாக ஒரு நாட்டோடு வர்த்தக ஒப்பந்தம் எழுத முடியாது. அந்த அதிகாரத்தை எல்லா உறுப்பு நாடுகளும் சேர்ந்து ஐரோப்பிய ஒன்றியத்திடம் கொடுத்துவிட்டன. ஆகவே ஒல்லாந்தருக்கு என்ன வேண்டுமோ அதைப் பிரசல்ஸில்தான் பேசி எடுக்க வேண்டும், அங்கே எழுதுகிற சட்டம் கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் அமுலாகும். 2010 தொடக்கம் ஐரோப்பாவுக்குப் போகிற ஒவ்வொரு மீனுக்கும் பிடிச் சான்றிதழ் வேண்டும்: எந்தப் படகு, என்ன அனுமதிப்பத்திரம், எந்தக் கடலில் பிடித்தது, எவ்வளவு. நமது நாடு நெடுநாள் படகுகளைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்று 2012 இல் எச்சரித்தார்கள், 2015 ஜனவரியில் தடையே போட்டார்கள், 2016 இல்தான் எடுத்தார்கள்.

அந்தத் தடை என்றால் என்ன என்று கரையில் நின்றவர்களுக்குத் தெரியும். நல்ல மீனை வாலடியில் சின்னத் துண்டு வெட்டி வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்ப்போம். இரத்தச் சிவப்பாக, கொஞ்சம் கண்ணாடி மாதிரி இருந்தால் அது ஐரோப்பாவுக்கு, மங்கினால் உள்ளூருக்கு. தடைக் காலத்தில் எவ்வளவு சிவப்பாக இருந்தாலும் உள்ளூர் விலைதான். பிடித்தவன் செய்த பிழை ஒன்றும் இல்லை. பிறகு படகுகளுக்கு செய்மதிக் கருவி பூட்டினார்கள், பதிவுப் புத்தகம் ஒழுங்காக எழுதச் சொன்னார்கள். எங்கள் படகுக்காரர்கள் முதலில் திட்டினார்கள், இப்போது கடலில் இயந்திரம் நின்றால் எங்கே நிற்கிறான் என்று தேட அதே கருவிதான் உதவுகிறது.

ஐரோப்பா தருகிற ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற தீர்வைச் சலுகையும் அதே வழிதான். 27 சர்வதேச உடன்படிக்கைகளைக் கடைப்பிடித்தால் தீர்வை இல்லை, கடைப்பிடிக்காவிட்டால் தீர்வை. 2010 இல் மனித உரிமைக் காரணத்தால் நிறுத்தினார்கள், 2017 மே மாதம் திருப்பிக் கொடுத்தார்கள். உட்ரெக்ட் அக்கா சொல்கிற சட்டமும் வரலாற்று ஐயா சொல்கிற வியாபாரமும் எங்கள் சுங்கப் பத்திரத்தில் ஒரே வரியில்தான் இருக்கிறது. அவர்கள் நல்ல எண்ணத்தில் செய்கிறார்களா என்பது எனக்கு முக்கியமில்லை. விதி எழுத்தில் இருக்கிறதா, எல்லாருக்கும் ஒன்றா, அதுதான் கேள்வி. எங்களுக்கு ஒரு விதி, பெரிய மீன்பிடி நாடுகளுக்கு இன்னொரு விதி என்று வந்தால் நாங்கள் கத்த வேண்டும்.


உவர்மலை_ஆசிரியர்:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. கொட்பே அண்ணா சொன்னதை அப்படியே வகுப்பில் சொல்லப்போகிறேன், பிள்ளைகளில் பாதிப் பேரின் வீட்டில் யாராவது கடலுக்குப் போகிறவர்கள்தான்.

ஆனால் அந்தப் பிள்ளையின் இரண்டாவது கேள்வி இன்னும் நிற்கிறது. முட்டினால் எதை விடுவார்கள்? பாதுகாப்பும் வியாபாரமும் முட்டிய இடம் ஒன்று இருந்தால் சொல்லுங்கள்.


உட்ரெக்ட்_திருமலையாள்:

சேர், அதற்கு இப்போது மிகப் பெரிய உதாரணம் ஏ.எஸ்.எம்.எல். ஐந்தோவனுக்குப் பக்கத்தில் வெல்ட்ஹோவன் என்ற ஊரில் இருக்கிற கம்பனி. மிக நுண்ணிய சிப் செய்யத் தேவையான அதி புறஊதா ஒளி இயந்திரத்தை உலகத்தில் இவர்கள் மட்டும்தான் செய்கிறார்கள். சீனா அவர்களின் பெரிய வாடிக்கையாளர்களில் ஒன்று. ஆனால் 2019 தொடக்கம் அந்த இயந்திரத்தைச் சீனாவுக்கு விற்க அரசாங்கம் அனுமதி கொடுக்கவில்லை, அமெரிக்காவின் நெருக்குதல் அதில் பெரிய காரணம். 2023 செப்டெம்பர் தொடக்கம் அதற்கு ஒரு படி கீழான இயந்திரங்கள் சிலவற்றுக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்றார்கள். சுதந்திர வர்த்தகத்தை வாழ்நாள் முழுக்கப் பேசிய நாடு தன் மிகச் சிறந்த பொருளை விற்காதே என்று தன் கம்பனிக்கே சொல்கிறது. பாதுகாப்பு வென்றது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் யாருடைய பாதுகாப்புக் கணக்கு என்ற வாதம் இங்கே இன்னும் ஓயவில்லை, அமெரிக்கா சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டுமா என்று கேட்கிற ஆட்கள் இங்கே நிறையப் பேர்.

இரண்டாவது இன்னும் புதிது. நைமேகனில் இருக்கிற நெக்ஸ்பீரியா சாதாரண சிப் செய்கிற கம்பனி, உரிமையாளர் சீன நிறுவனம். 2025 செப்டெம்பர் கடைசியில், அதுவரை பயன்படுத்தாமல் கிடந்த 1952 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றை எடுத்து அரசாங்கம் அந்தக் கம்பனியின் தீர்மானங்களில் தலையிட்டது. சீனா உடனே அங்கே இருக்கிற தொழிற்சாலையில் இருந்து ஏற்றுமதியை நிறுத்தியது. சில சதத்துக்குப் போகிற சிப் இல்லாமல் ஐரோப்பியக் கார்த் தொழிற்சாலைகள் ஆடிப்போயின. நவம்பரில் அரசாங்கம் தன் உத்தரவை இடைநிறுத்தியது. இங்கே வென்றது யார் என்று உங்கள் மாணவியிடமே கேளுங்கள், நானும் அவளுடைய பதிலைக் கேட்க விரும்புகிறேன்.

வியாபாரம் என்றாலே எல்லாரும் ஒரு பக்கம் என்றும் நினைக்க வேண்டாம். கனடாவோடு ஐரோப்பா செய்த ஒப்பந்தத்துக்கு 2022 இல் இங்கே செனட்டில் 40 வாக்கு ஆதரவு, 35 எதிர்ப்பு. வர்த்தகத்தால் வாழ்கிற நாட்டில்!


ஆழ்கடல்:

1973 ஐயும் எழுதிக்கொள்ளுங்கள் தம்பி. இஸ்ரேலை ஆதரித்தார்கள் என்று அரபு நாடுகள் அமெரிக்காவோடு சேர்த்து நெதர்லாந்துக்கும் எண்ணெயை நிறுத்தினார்கள். நவம்பரில் ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக் கூடாது என்று உத்தரவு, நெடுஞ்சாலையில் சைக்கிளும் குதிரையும் போன படங்கள் இப்போதும் இருக்கின்றன. ரொட்டர்டாம் ஐரோப்பாவுக்கே எண்ணெய் வாசல், அந்த வாசலைத்தான் பூட்டினார்கள். ஒரு கொள்கைக்காக அன்று அவர்கள் விலை கொடுத்தார்கள் என்பதை வரலாற்று ஐயா கணக்கில் எடுக்க வேண்டும்.


திருமலை_வரலாறு:

எடுக்கிறேன். செரபிரெனிட்சா வழக்கையும் எடுக்கிறேன், மகள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். சொந்த அரசைக் கூண்டில் ஏற்ற முடிகிற நாட்டை வெறும் வியாபாரி என்று சொல்வது போதாதுதான். கண்டியில் 1765 இல் எடுத்த பீரங்கியையும் சேர்த்து ஆறு பொருட்களை 2023 இல் திருப்பிக் கொடுத்ததையும் நானே சொல்லியிருக்க வேண்டும், அதற்கு யாரும் அவர்களைப் பலவந்தப்படுத்தவில்லை.

ஆனாலும் ஒரு விஷயத்தில் நான் நின்ற இடத்தில்தான் நிற்கிறேன். 2025 பெப்ரவரியில் அந்த நாட்டு அரசாங்கம் அபிவிருத்தி உதவியைப் பற்றி வெளிப்படையாகவே அறிவித்தது: இனிமேல் வர்த்தகம், பாதுகாப்பு, குடிவரவு என்று தங்கள் நலனுக்கு நேரடியாக உதவுகிற இடத்துக்குத்தான் பணம், 2027 தொடக்கம் ஆண்டுக்கு 240 கோடி யூரோ வெட்டு. 1975 தொடக்கம் முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் தேசிய வருமானத்தில் 0.7 வீதத்துக்குக் குறையாமல் கொடுத்துவந்த நாடு அது. ஆகவே ஆசிரியர் தம்பி, பட்டியலில் எது முதல் என்று பிள்ளைக்குச் சொல்லும்போது எந்த வருடத்துப் பட்டியல் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். 1939 இல் நடுநிலை முதல், 1949 இல் கூட்டணி முதல், 1990களில் ஹேக்கும் ஐ.நா.வும் முதல், இப்போது மறுபடி படைக்குப் பணம். 2025 ஜூனில் ஹேக்கிலேயே நேட்டோ மாநாடு கூடி 2035 க்குள் தேசிய வருமானத்தில் 5 வீதம் பாதுகாப்புக்கு என்று உறுதி எடுத்தார்கள்.

இன்னொன்று. அடுத்த பாடத்துக்கு நம் ஊர்ச் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளை எடுங்கள். 99 தாங்கி, 1987 இல் இந்தியாவோடு கடிதம், 2003 இல் குத்தகை, 2022 ஜனவரியில் 61 தாங்கிக்குக் கூட்டுக் கம்பனி, 2025 ஏப்ரலில் ஐக்கிய அரபு இராச்சியமும் சேர்ந்த ஒப்பந்தம். துறைமுகம் நம்முடையது, பேசுகிறவர்கள் கொழும்பிலும் டில்லியிலும். ரொட்டர்டாமில் துறைமுகத்தின் பெரும் பங்கு அந்த நகரசபைக்கே சொந்தம், மீதி அரசுக்கு. அந்த வித்தியாசத்தில் இருந்து தொடங்கினால் பிள்ளைகள் உங்களை ஒரு மணித்தியாலத்துக்கு விடமாட்டார்கள். குறிப்பு வேண்டுமென்றால் பின்னேரத்தில் வீட்டுப் பக்கம் வாருங்கள், என்னிடம் பழைய பத்திரிகைத் துண்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன.